கால் அங்குல ஓக் மரத்துக்கு எந்தப் பூச்சு?

எங்கள் வீட்டுத் தரையில் இனித் தேய்ப்பதற்கு மீதி இருக்கும் மரம் கால் அங்குலத்துக்கும் குறைவு. ஹால் மூலையில் சூடான காற்று வரும் துளையின் இரும்பு மூடியைத் தூக்கினால் பலகையின் குறுக்குவெட்டு அப்படியே தெரியும். ஸ்கேலை வைத்து அளந்துவிடலாம். பலகையின் மொத்தத் தடிமன் முக்கால் அங்குலம், அகலம் இரண்டேகால் அங்குலம். ஒரு பலகையின் ஓரத்தில் நீட்டியிருக்கும் நாக்கு பக்கத்துப் பலகையின் காடிக்குள், அதாவது ஓரப் பள்ளத்துக்குள், உட்கார்ந்திருக்கும். ஆணியை அந்த நாக்கின் மேல் சாய்வாக அடித்திருப்பார்கள். ஆகவே நாக்குக்கு மேலே இருக்கும் மரம் மட்டும்தான் நம் கையிருப்பு. அது தீர்ந்தால் காடியின் மேல்விளிம்பு சிம்பு சிம்பாகப் பெயரும், ஆணித்தலை வெளியே தெரியும். அப்புறம் தரையையே பெயர்த்துப் போட வேண்டியதுதான்.

சிகாகோவின் தென்மேற்குப் பக்கத்தில் 1920களில் கட்டிய, இங்கே பங்களா என்று சொல்லும் ஒன்றரை மாடிச் செங்கல் வீடு எங்களுடையது. 1910க்கும் 1940க்கும் நடுவில் இந்த நகரத்தில் இப்படி ஏறத்தாழ 80,000 வீடுகள் எழும்பின. பல வீடுகளில் கார்பெட்டைக் கிழித்தால் அடியில் ஓக் பலகை இருக்கும். நம் ஆட்கள் இங்கே பழைய வீடு வாங்கும்போதெல்லாம் எனக்குப் போன் வரும். கேள்வி ஒன்றுதான்: "தரையைத் தேய்த்தாச்சு, மேலே என்ன அடித்தால் ரொம்ப நாள் உழைக்கும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒருமுறை விரிவாக எழுதி வைக்கிறேன்.

கடைக்காரரிடம் இதே கேள்வியைக் கேட்டால் எது கடினமோ அதைக் காட்டுவார். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். பூச்சு எதுவானாலும் ஒருநாள் தேயத்தான் செய்யும். தேயும்போது மரத்தைத் தொடாமல், பழைய பூச்சின் மேலேயே ஒரு கோட் அடித்துப் புதுப்பிக்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. முழுசாகத் தேய்த்து எடுக்கிற ஒவ்வொரு முறையும் அந்தக் கால் அங்குலத்தில் கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீட்டர் தூளாகப் போகிறது. அப்பா மரக்கடையில் கணக்கு எழுதியவர். கன அடிக் கணக்கில் அறுப்புத்தூளுக்கு என்று ஒரு பங்கைக் கழிப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவனுக்கு மரம் தூளாவது கண்ணில் உறுத்தும். எழுபது, எண்பது வருடம் நின்ற மரத்தை அறுத்துச் செய்த பலகை இது. என் பேத்தி காலத்திலும் இதே பலகை கிடக்க வேண்டும் என்ற ஆசையில்தான் எல்லாம் செய்தேன்.

பூச்சைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறது என்று தெரிய வேண்டும். 1920களின் தரையில் அரக்கு, அதாவது ஷெல்லாக், இல்லையென்றால் எண்ணெய் வார்னிஷ், அதன் மேல் மெழுகு என்று இருப்பது சகஜம். ஷெல்லாக் நம் நாட்டிலிருந்து வந்த சரக்கு. ஜார்க்கண்ட் காடுகளில் தீப்போலச் சிவந்து பூக்கும் பலாச மரத்திலும் குசும் மரத்திலும் அரக்குப்பூச்சி கட்டும் பிசினைச் சுரண்டி எடுத்து, ஆல்கஹாலில் கரைத்துப் பூசுவார்கள். கண்டுபிடிப்பதும் ஆல்கஹாலால்தான். அலமாரிக்குள் ஒரு மூலையில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகினால் ஷெல்லாக். மெழுகு இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் போதும். ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்தால் வெள்ளையாகத் தடம் விழும். மெழுகு இருக்கும் தரையில் புதுப்பூச்சு ஒட்டாது. அப்படிப்பட்ட தரைக்கு மேலாக ஒரு கோட் அடித்துத் தப்பிக்கும் வழி கிடையாது. மரம் வரைக்கும் தேய்த்தே ஆக வேண்டும். எங்களுடையது அந்த வகைதான்.

இன்னொன்று. 1978க்கு முந்தைய அமெரிக்க வீடுகளில் பழைய பெயின்டிலும் வார்னிஷிலும் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் சோதிக்காமல் தேய்க்காதீர்கள். சமையலறையில் ஓக்கின் மேல் ஒன்பது அங்குலச் சதுர வினைல் டைல் ஒட்டி, அடியில் தார் மாதிரிக் கறுப்புப் பசை தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பரிசோதனை முடிவு வரும் வரை அங்கே எந்த மெஷினும் ஓடக் கூடாது.

தேய்ப்பதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. போலந்திலிருந்து வந்து இந்த ஊரில் வெகுகாலமாகத் தரை வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்தேன். 36 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 60, கடைசியில் 100. மூலைகளைக் கையாலேயே சுரண்டினார். ஜன்னலடியில் முந்தைய வீட்டுக்காரர் பூந்தொட்டி வைத்திருந்த இடத்தில் கரிய வட்டம் ஒன்று இருந்தது. ஓக்கில் டேனின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். தண்ணீரும் இரும்பும் சேர்ந்தால் அது மையாகக் கறுத்துவிடும். அதற்காக ஆழமாகத் தேய்க்கப் போனவரை நிறுத்தி, ஆக்ஸாலிக் அமிலம் போட்டு வெளுக்கச் சொன்னேன். முழுசாகப் போகவில்லை, இளஞ்சாம்பல் நிழல் ஒன்று நிற்கிறது. அந்த நிழல் இருந்துவிட்டுப் போகட்டும், மரம் மிச்சம்.

இனிப் பூச்சு. ரொம்ப காலமாக இந்த நாட்டில் தரைக்கு அடித்து வந்தது ஆயில் பேஸ்டு பாலியூரிதேன். எண்ணெய் கலந்த பிசினை யூரிதேனாக மாற்றிச் செய்தது. அது காய்வது காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை உறிஞ்சி. அதனால்தான் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ ஒரு நாள் காத்திருக்க வேண்டும், முழுசாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். தேன் நிறம் கொடுக்கும், வருடங்கள் போகப் போக அந்த மஞ்சள் இன்னும் கூடும். நல்ல திண்மை உண்டு. இரண்டு மூன்று கோட்டிலேயே தடிப்பாகப் படியும், விலையும் குறைவு. உறுதியில் குறை சொல்ல முடியாத பூச்சு. அதன் வாடைதான் பிரச்சினை. கரைப்பான் ஆவி நாள்கணக்கில் வீட்டில் நிற்கும். குடும்பத்தோடு வேறு இடத்தில் ஒரு வாரமாவது தங்க வழி இருப்பவர்கள், காலி வீட்டை வாங்கி இன்னும் குடிவராதவர்கள் இதைத் தாராளமாக அடிக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: தேக்கு, ஈட்டி மாதிரி எண்ணெய்ப்பசை உள்ள மரங்களில் இது காயாமல் பிசுபிசுவென்று நின்றுவிடலாம். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய தேக்குக் கதவைப் பெஞ்சாக்கி இதை அடிக்க நினைப்பவர்கள் ஒரு மூலையில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

வாட்டர் பேஸ்டு பாலியூரிதேன் வேறு ஜாதி. யூரிதேன், அக்ரிலிக் துகள்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடு ஒன்று நெருங்கி உருகிச் சேர்ந்து படலமாகும். அடிக்கும்போது பால் மாதிரி வெள்ளையாக இருந்து, காய்ந்தபின் கண்ணாடியாகத் தெளியும். சில மணி நேரத்தில் அடுத்த கோட் அடிக்கலாம், வாடை மிகக் குறைவு. ஆனால் வாட்டர் பேஸ்டு என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. டப்பாவைத் திறந்து அப்படியே அடிப்பது ஒன்று. தனிப் புட்டியில் வரும் கெட்டியாக்கியை அடிக்கும் நேரத்தில் ஊற்றிக் கலப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிணைத்துக்கொள்கின்றன. கூடைப்பந்து மைதானம், கடை, ஆபீஸ் மாதிரி நூற்றுக்கணக்கான கால்கள் நடமாடும் இடங்களில் அடிப்பது இதைத்தான். கலந்த பிறகு சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும், மிஞ்சினால் வீண். விலையும் சாதாரண ஆயில் பாலியூரிதேனைப் போல இரண்டு மூன்று மடங்கு. வாட்டர் பேஸ்டு சீக்கிரம் தேய்ந்துபோகும் என்று நண்பர்கள் சொல்லும்போது எதை அடித்தார்கள் என்று விசாரித்தால், அநேகமாக முதல் வகையில் விலை குறைந்ததாக இருக்கும்.

மூன்றாவது, ஹார்ட்வாக்ஸ் ஆயில். ஆளி விதை, சூரியகாந்தி மாதிரியான எண்ணெய்களும் கார்நௌபா மாதிரியான மெழுகுகளும் சேர்ந்தது. ஜெர்மனியின் ஆஸ்மோ, பெல்ஜியத்தின் ரூபியோ மோனோகோட் இதில் பேர்போனவை. மேலே படலமாக நிற்காமல் மரத்துக்குள் இறங்கும். கை வைத்தால் மரத்தைத் தொடும் உணர்வே இருக்கும், அந்த அழகுக்கு ஈடு இல்லை. புதுப்பிப்பதிலும் இதற்குத்தான் முதலிடம்: கீறல் விழுந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்து, துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தடவினால் சுற்றியிருப்பதோடு கலந்துவிடும். நான் சொல்லும் 'மரத்தைத் தொடாமல் புதுப்பிப்பது' என்ற கணக்கில் பார்த்தால் இதைத்தான் எடுத்திருக்க வேண்டும். எடுக்காததற்குக் காரணம் எங்கள் வீட்டில் மஞ்சளும் நல்லெண்ணெயும் படும் பாடு.

இதைச் சோதித்தே முடிவு செய்தேன். படுக்கையறை அலமாரிக்குள் இருந்த சில துண்டுப் பலகைகளை எடுத்து, தரைக்குத் தேய்த்த அதே உப்புத்தாளில் தேய்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சை முறைப்படி கோட் கோட்டாக அடித்து, முழுசாக இறுகும் வரை வைத்திருந்தேன். கடையில் காட்டும் சாம்பிள் பலகையில் காபி சிந்திக் காட்டுவார்கள், ஒயின் சிந்திக் காட்டுவார்கள். நம் வீட்டுத் தரையில் சிந்துவது அதுவா? நான் மஞ்சள் குழைத்துத் தடவினேன். ரசம் ஊற்றினேன். விளக்கெரிக்கும் நல்லெண்ணெயை ராத்திரி முழுக்க விட்டுவைத்தேன். வாசலில் கழற்றிய பூட்ஸிலிருந்து வழியும் பனி உப்புத் தண்ணீரை அப்படியே எடுத்து ஊற்றிக் காயவிட்டேன்.

ரசத்துக்கு எந்தப் பூச்சும் அசையவில்லை. உப்புத்தண்ணீர் எல்லாவற்றிலும் வெள்ளைத் தடம் போட்டது, ஈரத்துணியில் போனது. ஹார்ட்வாக்ஸ் ஆயில் பலகையில் மட்டும் அந்த இடம் கொஞ்சம் சொரசொரத்தது. நல்லெண்ணெய் அதே பலகையில் ஒரு மங்கலான திட்டு போட்டது. மஞ்சள்தான் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டியது. கெட்டியாக்கி கலந்த வாட்டர் பேஸ்டில் துடைத்தபின் இளமஞ்சள் நிழல் மட்டும் நின்றது. சிவப்பு ஓக்கின் துளைகள் திறந்தவை, ஒரு முனையில் ஊதினால் மறுமுனையில் காற்று வரும் அளவுக்கு. எண்ணெய் பூசிய பலகையில் மஞ்சள் அந்தத் துளைக்கோடுகளுக்குள் போய் ரேகை ரேகையாக உட்கார்ந்துகொண்டது. மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரைவது. தாளிக்கும்போது பார்த்தால் தெரியும். ஒரு நல்ல விஷயம், வெயில் பட்டால் அந்த நிறம் சிதையும். பலகைகளைத் தெற்கு ஜன்னலில் வைத்தேன். வாட்டர் பேஸ்டு பலகையின் நிழல் காணாமல் போய்விட்டது. எண்ணெய்ப் பலகையில் வெளுத்தது, ஆனால் துளைக்குள் இன்னும் இருக்கிறது.

சாமி விளக்கும், மஞ்சள் குங்குமமும், தரையில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கமும் இல்லாத வீட்டுக்கு, மாதமொருமுறை தரையைக் கவனிக்கப் பொறுமையும் உள்ளவர்களுக்கு, ஹார்ட்வாக்ஸ் ஆயில் அருமையான தேர்வு. இதை மனதாரச் சொல்கிறேன். எங்களுக்கு ஒத்துவராது.

இன்னும் இரண்டு பூச்சுகள் உண்டு. காற்றின் ஈரத்தை வைத்து இறுகும் யூரிதேன் ஒன்று; ஸ்வீடிஷ் பினிஷ் என்ற பெயரில் அமிலத்தால் இறுகுவது இன்னொன்று. இரண்டும் கல் மாதிரி. முன்னதில் ஐசோசயனேட், பின்னதில் ஃபார்மால்டிஹைட், இரண்டும் மூச்சுக்குக் கெடுதல். முறையான முகமூடி போட்ட தொழில்முறை ஆட்கள் காலி வீட்டில் அடிப்பதற்கானவை. குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கடினம் என்ற சொல்லை வைத்து வரும் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். மரத்தின் கடினத்தை ஜான்கா எண்ணால் அளக்கிறார்கள். சின்ன இரும்புக் குண்டு ஒன்றை அதன் பாதி வரை மரத்துக்குள் அழுத்த எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பதுதான் கணக்கு. சிவப்பு ஓக்குக்கு 1,290, ஹார்டு மேப்பிளுக்கு 1,450. நம் தேக்கு இரண்டுக்கும் கீழே. கையிலிருந்து தவறிய இரும்பு வாணலி தரையில் குழி போட்டால் அது மரம் அமுங்கியது. எந்தப் பூச்சும் அதைத் தடுக்காது, ஒரு முடி கனம்கூட இல்லாத படலம் அது. பூச்சு தடுப்பது தேய்மானத்தையும் கறையையும் ஈரத்தையும்தான். சொல்லப்போனால் அளவுக்கு மீறிக் கடினமான பூச்சு, அடியில் மரம் அமுங்கும்போது வளையாமல் வெடித்து, வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். கொஞ்சம் வளைந்துகொடுக்கும் படலம்தான் வீட்டுக்கு நல்லது.

ஆக நான் எடுத்தது கெட்டியாக்கி கலக்கும் வாட்டர் பேஸ்டு. அம்மாவுக்கு ஒரு குறை இருந்தது: சாம்பிள் பலகையில் ஓக் சோகை பிடித்த மாதிரி வெளிறித் தெரிந்தது. பழைய மரத்துக்கு அந்தத் தேன் நிறம் வேண்டும் என்றார். எனக்கும் அதுதான் பிடிக்கும். சாயம் ஏற்றினால் பின்னால் ஒரு இடத்தை மட்டும் சரிசெய்வது கஷ்டம். அதனால் அடியில் போடும் சீலரிலேயே தேன் நிறம் கொடுக்கும் வகை ஒன்றை எடுத்தோம். அதன் மேல் வாட்டர் பேஸ்டு மூன்று கோட். ஒரு கேலன் ஏறத்தாழ 500 சதுர அடிக்கு ஒரு கோட் வரும், அந்தக் கணக்கில் வாங்குங்கள்.

சீலருக்கு நிறத்தைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. வாட்டர் பேஸ்டு பூச்சு பலகைகளின் இடுக்கில் இறங்கிப் பக்கத்துப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். ஜனவரியில் சிகாகோவில் ஹீட்டர் ஓட ஓட வீட்டுக்குள் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும், மரம் சுருங்கும். ஒவ்வொரு பலகைக்கு நடுவிலும் முடியளவு இடைவெளி விழ வேண்டிய இடத்தில், ஒட்டிக்கொண்ட ஏழெட்டுப் பலகைகள் சேர்ந்து ஒரே பாளமாக நகர்ந்து, ஓரிடத்தில் காசு போடும் அளவுக்குப் பிளவு விடும். ஏற்ற சீலர் இந்தப் பக்க ஒட்டுதலைக் குறைக்கும். கூடவே ஹியூமிடிஃபையர் வைத்து, ஈரப்பதத்தை 35, 40 சதவீதத்தில் நிறுத்திவிடுகிறோம். தரை வேலையைச் செப்டம்பரில் வைத்துக்கொண்டதும் இதனால்தான். ஜூலையில் ஊறிப் பருத்த மரத்தின் மேல் அடித்தால் குளிர்காலத்தில் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

பளபளப்பு எந்த அளவு? கிளாஸ், செமிகிளாஸ், சாட்டின், மேட் என்று நான்கு படி. கல்யாண மண்டபம் போலப் பளபளக்கும் தரை முதல் வாரம் கண்ணைப் பறிக்கும். பிறகு ஒவ்வொரு கீறலும், ஒவ்வொரு தூசியும் ஜன்னல் வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். சாட்டின் எடுத்தோம். மேட், சாட்டின் பூச்சில் வெளிச்சத்தைச் சிதறடிக்கும் நுண்ணிய சிலிக்கா தூள் கலந்திருக்கும், அது அடியில் படியும். டப்பாவைக் குலுக்கினால் நுரைக்கும். கட்டையை விட்டு அடிவரை நிதானமாகக் கலக்க வேண்டும். நல்ல பூச்சில் பளபளப்புக் குறைவதால் உழைப்புக் குறையாது.

தீ விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன். எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். ஆளிவிதை எண்ணெயோ ஹார்ட்வாக்ஸ் ஆயிலோ ஆயில் வார்னிஷோ துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சியே இல்லாமல் துணி பற்றிக்கொள்ளும். ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா 1991 பிப்ரவரியில் எரிந்தது இப்படிப்பட்ட துணிகளால்தான். மூன்று தீயணைப்பு வீரர்கள் அதில் இறந்தார்கள். துணியை வெளியே தனித்தனியாக விரித்து விறைப்பாகக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய உலோக டப்பாவில் அமுக்கி மூடுங்கள். பழைய பூச்சைத் தேய்த்த தூளும் இப்படிப் பற்றலாம். மெஷினின் பையை ராத்திரி வீட்டுக்குள் விட்டுவைக்கக் கூடாது. வேலையாள் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.

பூச்சு முடிந்து மறுநாளே சாக்ஸ் காலோடு நடக்கலாம். ஆனால் தொட்டால் காய்ந்திருப்பது வேறு, உள்ளே இறுகியிருப்பது வேறு. டப்பாவில் எழுதியிருக்கும் நாள் முடியும் வரை, வாட்டர் பேஸ்டுக்குச் சுமார் ஒரு வாரம், ஆயிலுக்கு மூன்று நான்கு வாரம், ஜமுக்காளமோ பாயோ விரிக்க வேண்டாம். அதன் பிறகும் ரப்பர் அடிப்பாகம் உள்ள கால்மிதி விரிப்பு கூடவே கூடாது. ரப்பரில் இருக்கும் ரசாயனம் இறங்கித் தரையில் நிரந்தரமாக மஞ்சள் கட்டம் போட்டுவிடும். சோபாவைத் தூக்கி வைத்தோம். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் ஃபெல்ட் ஒட்டினேன்.

தரையின் முதல் எதிரி மணல். வாசலிலேயே செருப்பைக் கழற்றும் நம் பழக்கம் எந்தப் பூச்சையும்விட இந்த மரத்தைக் காப்பாற்றுகிறது. இந்த ஊரில் டிசம்பர் முதல் மார்ச் வரை தெருவெல்லாம் உப்பும் மணலும். கழற்றுவதை வாசலுக்கு உள்ளே ஒரு தட்டில் இல்லாமல் வராண்டாவிலேயே வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அம்மா தரையில் உட்கார்ந்துதான் காய் நறுக்குவார். அரிவாள்மனையின் அடிக்கட்டைக்குக் கீழே தடித்த துணி ஒட்டிக் கொடுத்தேன். விளக்குக்கு அடியில் எண்ணெய் தாங்கும் பித்தளைத் தாம்பாளம். கோலத்துக்கு அரிசிமாவு மட்டும். கடையில் விற்கும் கல்மாவுக் கோலப்பொடி, கால்பட்டால் உப்புத்தாள் வேலையைச் செய்யும். நவராத்திரிக்குக் கொலுப்படி வைக்கும்போது படியின் கால்களுக்கும் அதே ஃபெல்ட்.

துடைக்க நன்றாகப் பிழிந்த துணி போதும். அம்மா ஊரில் மொசைக் தரையை வாளித் தண்ணீர் விட்டுக் கழுவிப் பழகியவர், இங்கே பிழிந்து துடைப்பதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். வினிகர் வேண்டாம், பினாயில் வேண்டாம், நீராவி மாப் வேண்டவே வேண்டாம். பளபளப்பு கொடுக்கும் என்று விற்கும் பாலிஷ், எண்ணெய் கலந்த சோப்பு இரண்டையும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். அவை விட்டுப்போகும் பிசுக்கின் மேல் புதிய கோட் ஒட்டாது. ஒட்டவில்லையென்றால் திரும்பவும் மரம் வரை தேய்க்க வேண்டும், நான் இத்தனை பாடுபட்டுத் தவிர்க்கப் பார்ப்பது அதைத்தான்.

மறுகோட் அடிக்கும் நேரம் எப்போது? பூச்சு முதலில் தேய்வது வாசலிலிருந்து ஹாலுக்கு வரும் பாதையிலும் சமையல் மேடைக்கு முன்னாலும். அங்கே பளபளப்பு மங்கி, பக்கத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்போதே செய்ய வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. சில நிமிடத்தில் பரவி அந்த இடம் கறுத்தால் பூச்சு போய்விட்டது, மரம் குடிக்கிறது. மறுகோட்டுக்கு நேரம் தாண்டிவிட்டது. மரம் சாம்பல் பூத்துவிட்டால் சொல்லவே வேண்டாம். சரியான நேரத்தில் செய்தால் வேலை ஒரே நாள்தான்: வலைத்தாள் மாட்டிய பஃபர் மெஷினால் மேற்பூச்சை மட்டும் லேசாகச் சொரசொரப்பாக்கி, தூசியைச் சுத்தமாக எடுத்து, ஒரு கோட். மரத்தில் ஒரு துளிகூடப் போகாது. செலவும் முழு வேலையில் ஒரு சிறு பங்குதான்.

அந்த மறுகோட்டை அடிக்கப்போவது நீங்களாகவும் இருக்கலாம், வீட்டை வாங்கும் அடுத்தவராகவும் இருக்கலாம். எதன் மேல் எது ஒட்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஹால் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: சீலரின் பெயர், பூச்சின் பெயர், சாட்டின், எத்தனை கோட், மாதம், வருடம், சூடான காற்றுத் துளையருகே அளந்த மரத்தின் மீதித் தடிமன். டப்பாக்களின் லேபிளையும் உரித்து அதன் கீழேயே ஒட்டிவிட்டேன். பூச்சு வாங்கும் அன்றைக்கே நீங்களும் இதைச் செய்துவிடுங்கள். காலி டப்பா குப்பைக்குப் போன பிறகு எந்தக் கடையிலும் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல மாட்டார்கள்.